அறுபது மில்லி

சாயம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.
நிறமே கிடையாது அதற்கு.
புட்டியில் தண்ணீர்போல நிற்கும்,
கையில் பட்டால் பாகுபோல ஒட்டும்.
உள்ளே போனதும்தான் திரையில் கறுக்கும்:
இதயத்தின் மேல் ஒரு கணம்
இலையுதிர்ந்த மரம்.

ஜிதா குவெதாரியேனே, வயது அறுபத்தெட்டு.
கிளைபெடாவில், காயலைக் கடக்கும் படகில்
இருபத்தாறு வருடம் சீட்டுக் கிழித்தவள்.
முட்டிவலிக்குத் தின்ற மாத்திரைகளை
பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள்.
"இதையுமா நிறுத்த வேண்டும்?"
இதையும். சர்க்கரை மாத்திரையையும்.
"அப்போ நான் எதற்குத்தான் வந்தேன்" என்றாள்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

முன்னிரவே உப்புநீர் ஏற்றினோம்.
அதில்தான் சங்கடம்.
கூடினால் அந்தச் சோர்ந்த இதயம் தள்ளாது,
நுரையீரல் நனைந்து மூச்சு முட்டும்.
குறைந்தால் இரண்டு சிறுநீரகமும்
வறண்ட வாயோடு சாயத்தை விழுங்க வேண்டும்.
இரவுப்பணி அல்டோனா துளிகளை எண்ணினாள்,
கணுக்காலை விரலால் அமுக்கிப் பார்த்தாள்,
மறுபடி எண்ணினாள்.
ஜன்னலுக்கு வெளியே பனி
யார் கணக்கிலும் சேராமல்
கொட்டிக்கொண்டிருந்தது.

காலையில் மருத்துவர் கிந்தௌதாஸ்
வெள்ளைப் பலகையில் எழுதினார்: 60.
வடிகட்டும் வேகம் முப்பது,
அதில் இரு மடங்கு, அவ்வளவுதான்.
என் வேலை சின்னது.
ஒவ்வொரு பீச்சலுக்கும் அளவைக் குறித்து
உரக்கச் சொல்ல வேண்டும்.

எட்டு.
பதினாலு.
இருபத்தொன்று.

"நானும் இப்படித்தான் எண்ணுவேன்"
நீலத் துணிக்கு அடியிலிருந்து ஜிதாவின் குரல்.
"நூற்றிருபது பேர். ஒரு தடவை
ஓர் ஆளைக் கூடுதலாக ஏற்றிவிட்டேன்.
ஒன்றும் ஆகவில்லை.
ஆனாலும் கரை வரும்வரை
தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன்."

நாற்பத்தேழில் அடைப்பு திறந்தது.
ஐம்பத்தாறில் ஸ்டென்ட் விரிந்து உட்கார்ந்தது.
"அழகு" என்றார் மருத்துவர்,
"இன்னொரு கோணத்தில் ஒரு படம்."
அவர் கால் மிதியின் மேல் இருந்தது.

பொவிலாஸ் என்று ஒருவர்.
ஒன்பது வருடத்துக்கு முன், இதே மேஜை.
அவருடைய படங்கள் எல்லாமே அழகு.
நூற்றுத் தொண்ணூறு மில்லிக்கு அழகு.
அன்று நான் குறித்தேன், சொல்லவில்லை.
இப்போது செவ்வாய், வியாழன், சனி
மூன்றாம் மாடியில் நாலு மணி நேரம்
இயந்திரத்தோடு கட்டிப்போட்ட கை.
லிஃப்டில் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார்.
உயிரைக் காப்பாற்றியவர்களில்
நானும் ஒருவன் என்று நினைக்கிறார்.
பொய்யுமில்லை.

"ஐம்பத்தாறு" என்றேன்.
அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை.
"டாக்டர், ஐம்பத்தாறு."
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

கால் மிதியை விட்டு இறங்கியது.
"அல்ட்ராசவுண்ட் கம்பி கொடு" என்றார்,
முகத்தைத் திருப்பாமல்.
சாயமில்லாத படம்.
சாம்பல் வளையத்துக்குள் சாம்பல் வளையம்,
அழகில்லை, ஆனால் தெரிந்தது:
கம்பிவலை சுவரோடு ஒட்டியிருந்தது.

இதயத்துக்கு அன்றே விடை தெரிந்துவிடும்.
சிறுநீரகத்துக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.
வலிக்காது, துடிக்காது,
ரத்தத்தில் ஓர் எண்ணாக மட்டும் பேசும்.
அல்டோனா குடுவையை விளக்கொளியில் தூக்கிப்
பீர் வாங்கியவள்போல நுரையைப் பார்த்தாள்.
"போகிறது" என்றாள். அது மட்டும்தான்.

வியாழக்கிழமை. லிஃப்டில் இருந்தபோது
ஆய்வகத்திலிருந்து செய்தி.
வந்தபோது நூற்றைம்பத்தெட்டு,
இப்போது நூற்று அறுபத்தொன்று.
அந்த மூன்றை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.
நான் இரண்டு தடவை படித்தேன்.

"நல்ல சேதியா?" என்று கேட்டார்
பக்கத்தில் நின்றவர், தொப்பி கையில்.
ஆமாம் என்றேன்.
"நல்லது, நல்லது" என்றார்.
மூன்றாம் மாடி வந்தது.
அவர் இறங்கிக்கொண்டார்.