பதினேழாம் நிமிடம்

கொசப்பேட்டையில் என் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு
மேலே ஓர் அறை. கிரீஸும் ரப்பரும் மணக்கும்.
ஞாயிறு மூன்று மணிக்கு நாங்கள் நாலு பேர்.
ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன்,
மூடினால் வேலூர் வெயில்.
மூடித்தான் கேட்போம்.

குடியாத்தத்தில் யாரோ வீட்டுக் கல்யாணக் கச்சேரி.
ஸ்பூலிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து பிரதி,
கடைசியில் இந்தக் கேசட்.
வருஷம் இல்லை. பாடகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
பால்கணக்கு எழுதியிருக்கிறது.
பேகடா என்பதில் மட்டும் சந்தேகமில்லை.
வோல்டேஜ் குறைகிற நாட்களில்
அரைக்கட்டை இறங்கிப் பாடுவார்,
அப்போதும் பேகடாதான்.

மேல்விஷாரத்திலிருந்து வருகிற வாஜித்
தோல் ஷாப்பில் சாயம் பார்ப்பவர்.
நகக்கண்ணில் எப்போதும் ஒரு நிறம் இருக்கும்,
அந்த வாரம் காப்பிப்பொடி.
"தோலின் முகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.
ஓரத்தில் ஒரு கீற்று வெட்டணும்.
நடுவில் வெளுப்புக் கோடு தெரிந்தால்
சரக்கைத் திருப்பி அனுப்பு.
இவர் நிஷாதத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள்,
உள்ளேயும் அதே நிறம்."

சீதாபதி நாயுடு வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.
"நிறம் கிடக்கட்டும்யா, சொல்லை விழுங்குகிறாரே.
மூன்றெழுத்தில் ஒன்று வயிற்றுக்குப் போகிறது.
சாமியைக் கூப்பிடுகிறாரா,
சாப்பிடக் கூப்பிடுகிறாரா?"

கல்யாண வீடுதானே, இரண்டுக்கும் சேர்த்துக் கூப்பிட்டிருப்பார்
என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சுகிர்தம் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வார்டு.
இரவு டியூட்டி முடிந்து, தூங்கி, எழுந்து வருவார்.
மூன்று ஞாயிறு வாய் திறக்கவில்லை.
நாலாவது ஞாயிறு,
"அந்த இருமலைத் திருப்பிப் போடுங்க" என்றார்.

எந்த இருமல்?

பதினேழாம் நிமிடம். ஆலாபனை
மேல் சட்ஜத்தைத் தொட்டுவிட்டு
படியிறங்கத் தொடங்கும் இடம்.
போட்டேன். மறுபடி. இன்னொரு தடவை.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:
"ஈர இருமல். இடப்பக்கம், கீழே.
வாயில் துண்டை வைத்திருக்கிறார்.
ஐம்பது வயசு இருக்காது."

கேசட் தன்பாட்டுக்கு ஓடியது.

"அது பதினாறிலேயே வந்துவிட்டது.
தொண்டை ஒரு தரம் கரகரத்து, பாதியில் நிற்கிறது பாருங்க.
அடக்கிக்கொண்டார்.
பாடகர் எங்கே மூச்சு எடுப்பார் என்று
அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.
அந்த இடம் வரும் வரை வைத்திருந்து
அங்கே இருமுகிறார்.
எங்க வார்டில் இப்படி அடக்கி
ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை."

வாஜித் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆறு மாதமாக நிஷாதத்துக்குச் சண்டை போட்டவர்கள் நாங்கள்.
அந்த மூச்சு எங்கே வரும் என்று
எங்களை யாராவது கேட்டிருந்தால்?

பிறகு தேடித் தேடிக் கேட்டோம்.
நிரவலில் ஒன்று. ஸ்வரத்தில் ஒன்று, சின்னது.
தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு இல்லை.
"கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார்" என்றார் நாயுடு.
"பந்தியில் உட்கார்ந்திருப்பார்" என்றார் வாஜித்.
சுகிர்தம் கேசட்டை எடுத்துப்
பெட்டியில் வைத்து மூடினார்.

தீபாவளிக்கு வந்த என் மகன்
எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி
இரைச்சலைக் கழுவிக் கொடுத்தான்.
முதல்முறையாகத் தம்பூரா கேட்டது.
விழுங்கிய எழுத்துகளில் இரண்டு கிடைத்ததில்
நாயுடுவுக்கு ஒரே சந்தோஷம்.
பதினேழாம் நிமிடம் வந்தது.
பாடகர் மூச்சு எடுத்தார்.
வெறும் மூச்சு.

கீழே யாரோ ஷட்டரைத் தட்டி
கிளட்ச் பிளேட் கேட்டார்கள்.
நாளைக்கு என்று மேலிருந்தே கத்தினேன்.

"இன்னொரு தடவை போடுமய்யா" என்றார் நாயுடு.
தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு
காத்திருந்தார்.
இருமினார்.

கொஞ்சம் முந்திவிட்டது.
நேராக நிஷாதத்தின் மேல் விழுந்தது.

"நீங்க இன்னும் நிறையக் கேட்கணும்"
என்றார் சுகிர்தம்.