குடைத்துணிப் பை

மருந்துக்கடை ஷட்டரை இழுத்துவிட்டு
நோர்வூட்டில் ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்
ஏழரைக்கு மெஷின் முன்னால் இருப்பேன்.
காசுக்குத் தைப்பதில்லை.
கேட்டவர்களிடம் சொல்லியாயிற்று:
சாரிக்கு ஃபோல் அடிக்க, சட்டைக்கு இடுப்புப் பிடிக்க
டவுனில் ஆள் இருக்கிறது.
நான் தைப்பது எனக்குத் தோன்றுவதை,
தோன்றுகிற ஆளுக்கு.

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமை
கார்மென்ட் வெட்டுத்துண்டைக் கிலோ கணக்கில் கொடுக்கிறார்கள்,
உருளைக்கிழங்கு நிறுத்த அதே தராசில்.
அரைக் கை, பாதிக் கொலர்,
எந்த நாட்டுக் குழந்தைக்கோ அச்சிட்ட
கரடியின் முதுகு மட்டும்.
கட்டிலில் கொட்டி
எதோடு எது சேரும் என்று பார்ப்பதற்குள்
சோறு ஆறிப்போகும்.
துணி காயாத ஊர் இது.
இஸ்திரிப்பெட்டிதான் வெயில்.

இந்த வருஷம்
சிபானாவின் சுடுதண்ணிப் பைக்கு ஃபிளனல் உறை,
முயல் மாதிரி காது வைத்து.
ஒரு காது பின்பக்கம் பார்க்கிறது.
காட்டோரம் நிலம் அளக்கப் போகும் தில்ருக்ஷிக்கு
அட்டை ஏறாத காலுறை.
இரண்டும் ஒரே நீளமில்லை.
அட்டைக்கு அளவு தெரியாது, பரவாயில்லை என்றாள் சிங்களத்தில்.
ஜெனிட்டாவின் பிள்ளைக்குத் தொப்பி.
நான் முடிப்பதற்குள் தலை வளர்ந்துவிட்டது,
இப்போது அவர்கள் வீட்டுக் கேத்தல்
அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

பவளராணிக்குத்தான் பாடுபட்டேன்.
மலையில் கொழுந்தெடுக்கும்போது அவள் ஃபோன் நனைகிறது.
கட்டாரிலிருந்து புருஷன் எடுப்பது பத்து மணிக்கு,
மழை வருவதும் பத்து மணிக்கு.
காற்று முறித்த குடையொன்றைப் பிரித்து
கறுப்புத் துணியை எடுத்தேன்.
வழுக்கும் துணி,
குண்டூசி குத்தினால் அந்தத் துளை ஆறாது.
உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் கவ்வித் தைத்தேன்.
மூன்று முறை பிரித்து
நான்காம் முறை ஸிப் நேராக விழுந்தது.
இடுப்பில் கட்ட நாடா.
மூலையில் சிவப்பு நூலில் ஒரு ‘ப’.
அதன் வலது கால் குட்டை,
தூரத்தில் பார்த்தால் ‘ட’.

போயா லீவுக்கு அவள் வீட்டுக்குப் போனேன்.
கண்ணாடி அலுமாரியில்
கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில்
பொலித்தீன் சுற்றி நிற்கிறது என் பை.
மேசையில் ஃபோன்,
பாண் வந்த பையில், ரப்பர் பேண்ட் போட்டு.

“அவ்வளவு அழகா இருக்கு புள்ள.
அதப் போயி மலைக்குக் கொண்டுபோறதா?”

எனக்கு வந்த கோபத்துக்கு
அளவுநாடா போதாது.
அலுமாரியைத் திறந்தேன். பொலித்தீனைக் கிழித்தேன்.
எனக்கென்று ஊற்றி வைத்த பிளேன்டியை
அப்படியே அதன் மேல் கவிழ்த்தேன்.
ஐயோ என்றாள்.
அவள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.
தேத்தண்ணி உருண்டு மேசையில் ஓடி
தரையில் சொட்டியது.
பவளராணி உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள்.
காய்ந்திருந்தது,
எழுத்துத் தைத்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு.
ஒன்றும் பேசாமல் ஃபோனை அதற்குள் போட்டாள்.
ஸிப்பை இழுத்தாள்.
பிறகு எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள்,
எட்ட நின்று நீட்டினாள்.

நேற்று அவளிடமிருந்து கோல்.
எட்டாம் நம்பர் மலையில்
பதினொரு பேர் இந்தப் பை கேட்கிறார்களாம்.
“சும்மா இல்ல, காசு தருவாங்க.”
முடியாது என்றேன்.
யார் யாரென்று பெயர் மட்டும் கேட்டு
மாத்திரைக் கவரின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.
உடைந்த குடை இருந்தால் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

இன்றிரவு முதலாவது,
சத்தியசீலி என்ற ஒருத்திக்கு.
முகம் தெரியாது.
நாடா நீளத்துக்கு இடுப்பும் தெரியாது,
பவளராணியின் இடுப்பில் இரண்டு விரல் கூட்டியிருக்கிறேன்.
வெளியே பனி ஜன்னலைப் பூசிவிட்டது.
ஒரு சாண் தைத்த பிறகுதான் தெரிகிறது
பொபினில் நூல் தீர்ந்திருக்கிறது.
மேல் நூலை இழுத்தால் கையோடு வருகிறது.
துணியில் துளைகள் மட்டும், வரிசையாக.
இத்தனை வருஷத்தில்
இவ்வளவு நேராக நான் தைத்ததே இல்லை.