பதிவு எண்

முதலில் வயது கேட்டார்கள்.
இருபத்தொன்று நிறைந்திருக்க வேண்டுமாம்.
எனக்கு அது நிறைந்து
இன்னோர் இருபத்தொன்றும் நிறைந்துவிட்டது.

அடுத்து சான்றிதழ். சாதாரண நிலையில் நான்கு பாடம்.
பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில்
மடிப்பு விழுந்து கிடந்தது
நான் கணக்கில் எடுத்த பி மூன்று.
இத்தனை வருடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

சாங்கியில் எனக்கு
விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை.
கரண்டி, நாப்கின், வெண்ணெய், மூடி.
கரண்டி, நாப்கின், வெண்ணெய், மூடி.
விடிந்ததும் தானா மேராவில் ரயில் மாறி
குத்தகைச் சட்டத்தைப் பிரிப்பேன்:
தொண்ணூற்றொன்பது ஆண்டு குறையக் குறைய
வீட்டின் விலைக்கு என்ன நேரும்?
வகுப்பு பாய லேபாரில்.
கண் விழித்த இடம் லவண்டர்.

'ஒரே விற்பனையில்
இரண்டு பக்கத்துக்கும் முகவராக நிற்கக் கூடாது'
என்றார் பாடம் நடத்திய திரு கோ.
வகுப்பே எழுதிக்கொண்டது.
நான் எழுதவில்லை.
பதினாறு வருடம்
மாமியாருக்கும் அவருக்கும்
அவருக்கும் கடன்காரர்களுக்கும்
கடைசியில் அவருக்கும் எனக்குமேகூட
இரண்டு பக்கமும் நின்று பேசியவள் நான்,
கமிஷன் இல்லாமல்.

'முகவர் வட்டிக்கு விடும் தொழில் செய்யக் கூடாது.'
'விட முடிந்தால் இங்கே ஏன் வந்து உட்காருகிறோம்'
காதருகே முணுமுணுத்தாள் ரோஸ்னா.
திரு கோ திரும்பிப் பார்க்கும் வரை சிரித்தோம்.

முதல் தடவை இரண்டாம் தாளில் கவிழ்ந்தேன்.
மகன் ஒன்றும் சொல்லவில்லை.
மைலோ கலக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறு தடவை, முப்பத்தொன்றாம் கேள்வி.
புளோக்கில் சீனர் விகிதம் வரம்பைத் தொட்டுவிட்டது.
இந்திய உரிமையாளர் தன் வீட்டை
யாருக்கு விற்கலாம்?
நான்கு விடைகள் தந்திருந்தார்கள்.

ஈசூன் வீட்டை நாங்கள் விற்ற எட்டு மாதம்
அந்த நான்கிலும் இல்லை.
பால்கனிக் காற்றைப் புகழ்ந்த திருமதி லிம்
எங்கள் முகவர் ஏதோ சொன்னதும்
செருப்பை மாட்டிக்கொண்டே மன்னிப்புக் கேட்டது இல்லை.
ஒவ்வொரு மாதமும் முதல் தேதி
விகிதம் அசைந்திருக்கிறதா என்று
அவர் கணினி முன் உட்கார்ந்தது இல்லை.
இரண்டு முறை இறக்கிய விலை இல்லை.
பென்சிலை ஒருமுறை சீவிக்கொண்டு
சி என்று குறித்தேன்.
சரியான விடைதான்.

பிறகு ஒரு நிறுவனம் சேர்த்துக்கொண்டது.
பாரம் நீட்டினார்கள்.
திவாலானதுண்டா? தண்டனை பெற்றதுண்டா?
தகுதியும் பொருத்தமும் உடையவரா நீங்கள்?
திவாலானது நானில்லை. அவர்.
இல்லை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

அட்டை வந்தது.
ஆர் என்ற எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் இன்னோர் எழுத்து.
பொட்டு வைத்த படம்.
அடையாள அட்டை எண்ணே சில சமயம் மறந்துபோகும் எனக்கு
இது ஒரே நாளில் மனப்பாடம்.

விளம்பரம் பார்த்து முதல் அழைப்பு.
செங்காங்கில் நான்கறை வீடு, வாடகைக்கு விட வேண்டும்.
குரல் தன்மையானது.
கிழக்குப் பார்த்த சன்னல், புது ஏர்கான்,
எம்ஆர்டிக்கு நடை தூரம்.
எல்லாம் சொல்லி முடித்து
'ஒன்று மட்டும், இந்தியர் வேண்டாம்.
சமையல் வாசனை, உங்களுக்கே தெரியுமே' என்றார்.

உங்களுக்கே.

அவருக்குத் தெரியாது, பாவம்.
தட்டு அடுக்கிய இடத்தில் பழகிய ஆங்கிலம்
என் ஊரைக் காட்டிக்கொடுப்பதில்லை.
இப்படி விளம்பரம் போடக் கூடாது என்பது
எந்தத் தாளில், எந்தப் பக்கத்தில் என்று
எனக்குத் தெரியும்.
சொல்லலாம். போனை வைத்தும் விடலாம்.
அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது,
பெருங்காயம் போட்டு, என் வீட்டில்.

என் பெயரை முழுதாகச் சொன்னேன்,
அப்பா பெயரையும் சேர்த்து.
பதிவு எண்ணை நிதானமாக, ஒவ்வோர் இலக்கமாக.
அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

'நாளைக்கு வீடு பார்க்க
எத்தனை மணிக்கு வரட்டும், சார்?'