மூன்று கைப்பேசிக்கும் ஒரு காது

ஹட்டனில் விடாத மழை.
மேசையில் மூன்று கைப்பேசி.
கொழுந்து நிறைப் பக்கத்தில்
'பதி' பொத்தானைத் தொடுகிறேன்.

முதலாவதில் பதினெட்டுக் கிலோ.
இரண்டாவது உலாவி
தொட்டது ஒன்று, சொடுக்கியது ஒன்று என
முப்பத்தாறாக்கியது.
பழைய மூன்றாவது
கணக்கப்பிள்ளை மாதிரி, காதிலேயே விழாததுபோல்.

லயத்தில் ஒரு கதவைத் தட்டினால்
ஆறு காம்பராவும் எட்டிப்பார்க்குமே,
அப்படிப் பொத்தானின் சத்தம்
பக்கமெல்லாம் ஏறியது.
ஒரு வரியில் மறித்தேன்.
மூன்றுக்கும் ஒரே காதைத் தைத்தேன்.
விடியும்போது
மூன்றிலும் பதினெட்டு.

மடுவத்தில் பூங்காவனம் தொட்டாள்.
ஒன்றுமில்லை.
மறுபடியும்.
கறையேறி வெடித்த விரலை
விரலென்றே எடுக்கவில்லை கண்ணாடி.

கையை மடக்கி
கதவைத் தட்டுவதுபோல் முட்டியால் ஒரு தட்டு.
பதினெட்டு.

"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிப்பானே,
அது இதுக்குக் கேக்குமா தம்பி?"