மானி அமுக்கம்

முதலாம் வருடம் நான் கீறிய வரைபடத்தைக்
கோட்டை வாசலடியில் ஒரு மான் தின்றது.
விடுமுறைக்கு வந்திறங்கி
செருப்பு வாரைப் பூட்டக் குனிந்த நேரம்.
பற்சில்லு, அச்சாணி, மூன்று இரவு
எல்லாம் ஒரே மெல்லலில் போயிற்று.
திரும்பிப் போய், விரிவுரையாளரிடம்
"டியர், சேர்" என்றேன்.
கடிதம் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ
பத்து மார்க் வெட்டினார்.

உயர்தரத்தில் தமிழில் படித்த சொல்லெல்லாம்
பேராதனைப் பாலம் தாண்டும்போது உடுப்பு மாற்றிக்கொண்டன.
அமுக்கம், பிறெஷர்.
முறுக்கம், டோர்க்.
"உராய்வு புறக்கணிக்கத்தக்கது" என்று
கடைசி வரியில் எங்களை மன்னித்துவிடும் வினாத்தாள்
அதற்குப் பிறகு வரவேயில்லை.
எங்கள் பிரிவில் எழுபது பேர், ஆறு பெண்கள்.
ஓவரோல் எங்கள் அளவில் தைக்கப்படவில்லை.
கையை நாலு மடிப்பு மடித்துவிட்டு
லேத்துக்கு முன்னால் நின்றோம்.

இப்போது மூன்றாம் வருடம், ஆறு மாதத் தொழிற்பயிற்சி.
எல்லாரும் கொழும்பு கேட்டார்கள்.
எனக்குக் கொட்பே ஐஸ் பக்டரி,
வீட்டிலிருந்து இரண்டு பஸ்.
அமோனியா முதல் நாள் கண்ணைக் கரிக்கும்,
இரண்டாம் நாள் தலைமயிரில் ஏறி வீட்டுக்கு வரும்.
பாயிஸ் மானியின் கண்ணாடியை
மடக்கிய விரலால் இரண்டு தட்டுத் தட்டித்தான் வாசிப்பான்.
"முள்ளு ஒட்டிக்கொள்ளும். எழுது தங்கச்சி,
உறிஞ்சல் பக்கம் ஒன்று தசம் ஒன்பது."

அட்டவணையைத் திறந்தேன்.
ஒன்று தசம் ஒன்பதுக்கு மைனஸ் இருபது என்றது.
உப்புநீருக்குள் நூல் கட்டி இறக்கிய வெப்பமானி
மைனஸ் ஆறு என்றது.
மிச்சப் பாகையெல்லாம் எங்கே?
மூன்று நாள் தேடினேன்.
குழாயின் பனியைச் சுரண்டினேன்,
காப்புறையில் ஓட்டை தேடினேன், எண்ணெயில் பழி போட்டேன்,
கொம்பிரஸரைக் கழற்றவேண்டுமென்று
மூன்று பக்க அறிக்கையே எழுதிவிட்டேன்.
பள்ளத்தோட்டத்து இருதயராசா
படகுக்கு முப்பது கட்டி கேட்டு நின்றவர்,
"இஞ்சினியர் பிள்ளை, இண்டைக்கு ஐஸ் இருக்கோ
கணக்கு மட்டும்தானோ?" என்றார்.

நாலாம் நாள்
கழற்றி எறிந்த பழைய மானியொன்று மேசையில் கிடந்தது.
எதிலும் பூட்டவில்லை. முள் பூச்சியத்தில்.
சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்த கை
அப்படியே நின்றது.

ஏற்கெனவே எல்லாவற்றின் மேலும் இருக்கும் காற்றை
மானி எண்ணுவதில்லை.
அதற்கு அது பூச்சியம்.
ஒன்றைக் கூட்டவேண்டும், அவ்வளவுதான்.
இரண்டு தசம் ஒன்பது. மைனஸ் பத்து.
உப்புநீர் மைனஸ் ஆறில் இருப்பது நியாயம்.
முதலாம் வருடம், இரண்டாம் கிழமைப் பாடம்!
நான் சிரித்த சிரிப்பில்
வாயு கசிந்ததாக்கும் என்று பாயிஸ் ஓடிவந்தான்.

அன்று பின்னேரம் அம்மாவோடு சந்தைக்கு.
சோதனைச் சாவடியை எடுத்து எத்தனையோ வருடம்,
அந்த இடத்தில் இப்போது றோல்ஸ் கடை.
வளைவு வந்ததும் அம்மாவின் கை
கைப்பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தொட்டுவிட்டு வெளியே வந்தது.
பேச்சு நிற்கவில்லை,
கத்தரிக்காய் விலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அறிக்கையைக் கிழித்தேன்.
மானுக்குப் போடலாம், அதற்கு ஆங்கிலம் பிரச்சினையில்லை.
புதுத் தாளில்:
கொம்பிரஸர் நலம். பிழை என்னுடையது. ஒன்று கூட்டப்பட்டது.

விடிய நாலு மணிக்குக் கட்டிகள்
தகரத்தை விட்டு வழுக்கி வந்தன,
ஓரம் கண்ணாடி, நடுவில் பால்.
இருதயராசா கொக்கியால் இழுத்திழுத்து எண்ணினார்.
"இருபத்தொன்பது" என்றார்.
"ஒண்டு குறையுது பிள்ளை."