நானூறாம் நம்பர் தாள்

கோத்தகிரியில் ஃப்ரிட்ஜ் எதற்கு என்று
கேட்காத விருந்தாளி இல்லை.
சீராக வந்தது. ஆறு வருடம் ஓடி
கம்ப்ரஸர் செத்த பிறகு
தட்டுகளைக் கழற்றி, ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை எரியவிட்டு
சுகிர்தாவின் பட்டுப்புடவை இரண்டையும்
என் கிடாரையும்
பூஞ்சைக்குத் தப்ப அதற்குள் சாய்த்து வைத்தோம்.

கதவின் உள்பக்க வெள்ளைத் தகட்டைத்தான் அறுத்தேன்.
முட்டைக்குழிகளை விட்டு, வெண்ணெய்ப் பெட்டியை விட்டு
சமமாகக் கிடந்த ஒரே இடத்தில்
அட்டையை வைத்துப் பேனாவால் கோடிழுத்து,
பிக் உரசி மரம் தேயாதிருக்க
ஒரு பிக்கார்டு.
கண்ணீர்த்துளி வடிவம் என்பேன் நான்.
மாங்காய் என்பாள் அவள்.

அவளுக்கு டானிங்டனில் பழக்கடை.
அடிபட்டு வீட்டுக்கு வரும் ஆப்பிளின் முதுகிலிருந்து
குட்டி ஸ்டிக்கரை உரித்து
எங்காவது ஒட்டாமல் தூங்கமாட்டாள்.
பாதி நியூசிலாந்து என் பிக்கார்டில் இருந்தது.

போன செவ்வாய் எனக்கு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட்.
ஞாயிறு ஆராதனைக்குச் சுத்தமாக இருக்கட்டுமே என்று
எல்லாவற்றையும் உரித்திருக்கிறாள்.
பசை போகவில்லை.
பசைக்கு நீலகிரித் தைலம், இந்த மலையில் யாருக்குத் தெரியாது?
அந்த பிளாஸ்டிக்குக்கு அது எமன் என்பது
எனக்கே மறுநாள் காலையில்தான் தெரியும்.

மினுமினுப்பு செத்து
இளகி, இழுபட்டு, மறுபடி இறுகி,
ஆறிய பால் மேல் ஆடை சுருங்கினாற்போல் ஓர் உள்ளங்கை அகலம்.
நடுவில் அவள் கட்டைவிரல் ரேகை,
ரேஷன் கடை மெஷின் ஒருநாளும் எடுக்காத துல்லியத்தில்.

"உன்னை யார் தொடச் சொன்னது?"
சொல்லிவிட்டேன்.
டிபன் பாக்ஸை எடுக்காமல்
கடைக்குப் போய்விட்டாள்.

காட்டபெட்டில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற லத்தீப்
தகட்டை மூக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தான்.
"தின்னர் கிட்ட வராத. சூடு காட்டாத.
காயத்தை மட்டும் தேய்ச்சா பள்ளம் விழும்.
முழுசையும் அந்த ஆழத்துக்கு இறக்கு,
அப்புறம் மொத்தமா ஏத்து."
நாலு தாள் கொடுத்தான். எண்பது ரூபாய்.

நானூறாம் நம்பர் தாளை நனைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன்.
பத்து நிமிடத்தில்
நன்றாக இருந்த இடமும் கெட்டுப்போனது.
எங்கும் ஒரே சீராக, ஒரே சாம்பல்.
இதைத்தான் சரிசெய்வது என்கிறானா?

எண்ணூறு. ஆயிரத்து ஐந்நூறு.
ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலையைத் தின்றுகொண்டிருந்தது.
எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் வெளுத்தது,
விரல் நுனி எது தாள் எது என்று மரத்துப்போனது.

எப்போது வந்தாள் தெரியவில்லை.
கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு
கெட்டிலிலிருந்து வெதுவெதுப்பாக ஊற்றினாள்.
சூடு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
அது தகட்டுக்கு ஊற்றியதல்ல.

இரண்டாயிரம் வந்தபோது தாள் தேய்க்கிறதா
தடவுகிறதா என்றே புரியவில்லை.
கடைசியில் பழைய பனியனில் பற்பசை.

"ரேகை போயிடுச்சா?"
"நானூறிலேயே."
"அதை அப்படியே ரேஷன் கடைக்குக் கொண்டுபோயிருக்கலாம்,"
என்றாள். "ரெண்டு மாசமா சர்க்கரை வாங்கல."

மூன்று திருகாணி முடுக்கி
ட்யூப்லைட்டின் கீழ் கிடாரைச் சாய்த்தேன்.
மாங்காய்க்குள் விளக்கு நேர்க்கோடாக ஓடி
ஓரிடத்தில் மட்டும் லேசாகக் குனிந்து
மறுபடி நிமிர்ந்து போகிறது.

வேறு யாருக்கும் தெரியாது.
லத்தீப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான்,
சொன்ன பேச்சைக் கேட்காமல்
அங்கே மட்டும் கூடுதலாகத் தேய்த்திருக்கிறேன் என்று.