யானைக்கல் திருப்பம்

எழுகடல் தெருவில், ஒரு பாத்திரக் கடையில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
எழுபது தரம் ஏழு என்று ஆயர் பிரசங்கித்த அன்று
பெஞ்சில் உட்கார்ந்தபடியே பெருக்கிவிட்டேன்:
நானூற்றுத் தொண்ணூறு.
கட்டுப்படியாகும் என்று தோன்றியது.

கடையின் பழைய பேரேடு ஒன்று, பாதி வெள்ளையாய்.
வரவில் ஒன்றுமில்லை.
பற்றில் எல்லாம் எமீமாள்.
என் நாத்தனார், மாடி வீட்டுக்காரி,
பாடகர் குழுவில் எனக்கு அடுத்த நாற்காலி.

ஜூன் 3. மோட்டாரை அணைக்கவில்லை. மன்னித்தேன்.
ஜூன் 9. மீன். மன்னித்தேன்.
ஜூன் 22. என் சேலையைப் பார்த்த பார்வை. மன்னித்தேன்.

ஆகஸ்டில் எடுத்துப் பார்த்தால்
மீனில் என்ன நடந்ததென்று நினைவில்லை.
உப்பு கூடியதா,
எனக்குத் தராமல் அடுத்த வீட்டுக்குத் தந்தாளா.
ஏட்டில் நிற்கிறது, மனசில் இல்லை.
கடையில் இதை வராக்கடன் என்று தள்ளிவிடுவோம்.

எழுதாத ஒன்று இருந்தது.

மூன்று வருஷம் முன்னால், மிஷன் ஆஸ்பத்திரி.
மார்கழிக் குளிர்.
பிள்ளை அழாமலே பிறந்து
அழாமலே துணிக்குள் போன ராத்திரி.
நான் மயக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து
வராந்தாவில் யாரிடமோ சொன்னாள்:
“அவ வயித்து ராசி அப்படி.”
நாலு வார்த்தை.
பிறகு உள்ளே வந்து என் காலைப் போர்த்திவிட்டு
விடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.
அதையும் நான் எழுதவில்லை. வரவில் வைத்திருக்க வேண்டும்.

அந்த நாலு வார்த்தையைப்
பல் தேய்க்கும்போது மன்னிப்பேன்.
பால் பொங்குவதற்குள் திரும்ப வந்து நிற்கும்.
அடுப்படியில் மன்னிப்பேன்.
தலைக்கு மேல் அவள் நடக்கும் சத்தம் கேட்டதும்
மறுபடி.
அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது.
நானூற்றுத் தொண்ணூறு தப்புக்கு இல்லை அந்தத் தொகை.
ஒரே தப்புக்கு.
அதுவும் போதாது போலிருக்கிறது.

இதில் வேடிக்கை, அவளுக்கு எதுவும் தெரியாது.
கடன்பட்டதே தெரியாதவளுக்குத்
தினமும் தள்ளுபடி செய்துகொண்டிருந்தேன்,
கல்லாவில் உட்கார்ந்த பெருமையோடு.

போன ஞாயிறு நரிமேட்டுக் கோவிலில் திருவிருந்து.
முழங்கால் போட்டோம். அவள், அடுத்து நான்.
ஒவ்வொருவருக்கும் விளிம்பைத் துடைத்து
கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பித் தருவார் ஆயர்.
அன்றைக்குத் திருப்ப மறந்தார்.
அவள் உதடு பட்ட இடத்தில் என் உதடு.
ரசம் எப்போதும்போல் தித்திப்பு அதிகம்.
வேறொன்றும் நடக்கவில்லை.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன்.
பாலம் ஏறியதும் சொன்னேன்,
என்றைக்கு, எங்கே, எந்த நாலு வார்த்தை.
மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்து
விழுங்கிக்கொண்டேன்.
வலித்தது என்று மட்டும் சொன்னேன்.
கீழே வைகையில் ஒரு ஓரமாய்த் தண்ணீர்,
மிச்சமெல்லாம் ஆகாயத்தாமரை.
காற்று பாதியை அள்ளிக்கொண்டு போயிருக்கும்.
அவள் தலையில் ஹெல்மெட் வேறு.
கேட்டாளா, தெரியாது.

யானைக்கல்லில் எங்கள் சந்துக்குத் திரும்ப வேண்டும்.
பதினோரு வருஷமாய்த் திரும்புகிற இடம்.
திரும்பவில்லை.
நேரே போனாள்,
ஞாயிற்றுக்கிழமை மூடிய கடைகளைத் தாண்டி,
வண்டி மெதுவாகி, இன்னும் மெதுவாகி.
தோள் குலுங்கியது.
ரோடு மோசம் அங்கே, அதனாலும் இருக்கலாம்.

வீடு தாண்டிவிட்டது என்று நான் சொல்லவில்லை.
ஒரு கையால் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.
எட்டிப் பெட்ரோல் முள்ளைப் பார்க்கிற பழக்கம் எனக்கு.
பார்க்கவில்லை.